ஒரு முழம் வாடகைக்கு

சின்னக் கிடங்குத் தெருவில் வீடுகள் தள்ளி நின்றது ஐப்பசி மழையிலா கார்த்திகை மழையிலா என்பதில் அந்தத் தெருவுக்குள் இன்னும் ஒத்த பேச்சு கிடையாது. ஆனால் முதலில் தள்ளி நின்றது தையல்காரி பரிமளா குடியிருந்த வீடு என்பதிலும், அதைத் தள்ளி நிற்கச் சொன்னவள் பூண்டு உரிக்கும் தேசம்மா என்பதிலும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

தேசம்மாவும் அவள் புருஷன் ஏகாம்பரமும் மகள் யுவஸ்ரீயும் வடசென்னையில் கால்வாய்க்கரையில் இருந்தவர்கள். கரையை அகலப்படுத்த வேண்டும் என்று ஒருநாள் காலையில் இயந்திரங்கள் வந்தன, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் கரையில் குடிசை என்று எதுவும் இல்லை, சாயங்காலம் லாரிகள் வந்து எல்லோரையும் ஊருக்கு வெளியே, பஸ் எப்போதாவது வருகிற ஓர் இடத்தில் நின்ற உயரமான கட்டடங்களுக்கு ஏற்றிக்கொண்டு போயின. இவர்களும் போனார்கள். அங்கே சுவர் இருந்தது, கூரை இருந்தது, குழாயில் சில நாள் தண்ணீரும் வந்தது. ஆனால் தேசம்மா பூண்டு வாங்கி உரித்துக் கொடுக்கும் மண்டி அங்கே இல்லை, ஏகாம்பரம் மிதித்து ஓட்டும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்ற ஒரு மூட்டை இல்லை, பன்னிரண்டாவது படிக்கிற யுவஸ்ரீக்குப் பள்ளிக்கூடம் போக வழி இல்லை. அதனால் வண்டியிலேயே சாமான்களை ஏற்றி, வண்டியை மூவரும் மாறி மாறித் தள்ளி, வந்த வழியே திரும்பி வந்துவிட்டார்கள்.

வந்து, 'வீடு வாடகைக்கு' என்று அட்டை தொங்கிய வாசல்களில் எல்லாம் ஏறி இறங்கினார்கள். வீட்டுக்காரர்கள் முதலில் அட்வான்ஸ் எவ்வளவு என்று சொன்னார்கள், அதைக் கேட்டும் நகராமல் நின்றால் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார்கள், அதற்கும் பதில் வந்தால் நீங்க என்ன ஆளுங்க என்று கேட்டார்கள், அதற்கு மேல் கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் போனபோது இப்போதுதான் வேறொருத்தர் வந்து பேசிவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். கடைசியில் சின்னக் கிடங்குத் தெருவின் கிழக்கு வரிசையில், சுவரோடு சுவர் ஒட்டி நின்ற வீடுகளுக்கு நடுவே, பரிமளாவின் வீட்டுக்கும் மிக்ஸி ரிப்பேர் செய்யும் ஹயாத் பாஷாவின் வீட்டுக்கும் இடையில் மழைத்தண்ணீர்க் குழாய் இறங்குவதற்காக விட்டிருந்த ஓர் இடுக்கில் சாமான்களைச் செருகி வைத்துவிட்டு, அதற்கு முன்னால் வண்டியை நிறுத்தி, மேலே தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு இருக்கத் தொடங்கினார்கள். தெரு அவர்களைப் போகச் சொல்லவும் இல்லை, வரச் சொல்லவும் இல்லை.

ஒருநாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் கிழிந்து பறந்துவிட்டது, ஏகாம்பரம் அதைத் துரத்திக்கொண்டு ஓடினான், யுவஸ்ரீ இன்னும் பள்ளிக்கூடத்தில் இருந்து வரவில்லை. உரித்த பூண்டு நனைந்தால் மண்டியில் எடுக்கமாட்டார்கள் என்பதால் தேசம்மா கூடையை மாரோடு அணைத்துக்கொண்டு அந்த இடுக்குக்குள் பக்கவாட்டில் நுழைந்தாள், பாதி உடம்புதான் உள்ளே போயிற்று, மீதிப் பாதி நனைந்தது. பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டில் இரண்டு பேர் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எப்படிச் சொல்வாளோ அப்படியே, தோளால் சுவரை ஒரு இடி இடித்து, "கொஞ்சம் தள்ளிக்கோம்மா" என்றாள்.

உள்ளே பரிமளா ஒரு கல்யாண வீட்டு ஜாக்கெட்டுகளுக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருந்தாள், வாயில் நூல் இருந்தது, யாரோ ஏதோ கேட்கிறார்கள் என்று தலையைத் தூக்காமல் "சரி, சரி" என்றாள். வீடு ஒரு முழம் தள்ளிக்கொண்டது.

சத்தம் எதுவும் இல்லை. பீரோ மட்டும் தையல் மெஷினோடு வந்து ஒட்டிக்கொண்டது. பரிமளா கொஞ்ச நேரம் பீரோவைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். இடுக்குக்குள் தேசம்மா கூடையை மடியில் வைத்துக்கொண்டு வசதியாக உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடி பண்ண?"

"தள்ளிக்கச் சொன்னேன் அக்கா. தள்ளிக்கிச்சு."

"என் பீரோ தொறக்க மாட்டேங்குது."

"நான் வேணும்னு பண்ணலக்கா. பூண்டு நனைஞ்சிடும்னுதான்."

பரிமளா வாடகைக்கு இருப்பவள்தான். மெஷின் சத்தம் அதிகம் என்றும், புருஷன் இல்லாத வீட்டுக்கு ஆம்பளைங்க ஜாக்கெட் கேட்டு வருகிறார்கள் என்றும், ஒன்றும் சொல்லத் தோன்றாதபோது வீட்டை இடித்துக் கட்டப்போகிறோம் என்றும் சொல்லிச் சொல்லி அவளை எத்தனை வீட்டில் இருந்து கிளப்பினார்கள் என்பது அவளுக்கே மறந்துபோயிருந்தது. அவள் குடையை மடக்காமல் நின்று மழையைப் பார்த்தாள். "மழை விடட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். அந்த மழை ஒரு வாரத்துக்கு விடவில்லை.

வீடு தள்ளிக்கொண்டது எப்படி என்று தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. தள்ளிக்கொண்டதால் யாருக்கு என்ன போயிற்று என்பதுதான் பேச்சாக இருந்தது. ஹயாத் பாஷா வந்து இடுக்குக்குள் எட்டிப் பார்த்தார், மூவரும் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார், உள்ளே போய் மனைவியிடம் ஏதோ பேசினார், திரும்பி வந்து, "எங்க சுவர்கிட்டயும் ஒரு தடவை கேட்டுப் பாரும்மா, நாங்க சரின்னுட்டோம்" என்றார். தேசம்மா கேட்டாள். அந்த வீடும் ஒரு முழம் தள்ளிக்கொண்டது, அன்றைக்குத்தான் யுவஸ்ரீ கால் நீட்டிப் படுத்தாள்.

பீரோ திறக்காமல் இரண்டு நாள் ஒரே புடவையைக் கட்டிய பரிமளா மூன்றாவது நாள் தனக்கு அந்தப் பக்கம் இருந்த வீட்டுச் சுவரைத் தட்டி, நாலு விரல் தள்ளிக்கொள்ளச் சொன்னாள். அசையவில்லை. நேராகப் போய் அந்த வீட்டுக்காரர்களிடம் கேட்டாள். அவர்கள் முனகினார்கள், நாலு விரல்தானா என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார்கள், சரி என்றார்கள். பரிமளா தன் வீட்டுக்குள் திரும்பி வந்தபோது பீரோவின் கதவு பாதி திறந்தது. சுவரிடம் கேட்டால் மட்டும் போதாது, உள்ளே இருப்பவர்கள் வாயில் இருந்து சரி என்று வரவேண்டும் என்பது இப்படித்தான் தெரியவந்தது. உள்ளே இருப்பவர்கள் என்றால் அங்கே படுத்து எழுந்திருப்பவர்கள், வீடு யார் பேரில் இருக்கிறது என்பது சுவருக்கு ஒரு பொருட்டே இல்லை. பரிமளா குடியிருந்த வீட்டின் உரிமையாளர் பெங்களூரில் இருந்து போனில் கூடாது, கூடாது என்று கத்தினார், அவர் மனசு நோகக் கூடாதே என்று போனைச் சுவரருகே கொண்டுபோய்ப் பிடித்தார்கள், சுவர் இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்புறம் அது வீடு வீடாகப் போனது. ஒரு வீடு நாலு விரல் கொடுத்தது, அடுத்த வீடு இரண்டு விரல் கொடுத்தது, குழந்தை பிறந்திருந்த வீட்டில் கேட்க வேண்டாம் என்று தாண்டிப் போனார்கள், தாண்டிப் போனதற்காக அந்த வீட்டுக்காரி கோபித்துக்கொண்டு தானே வந்து ஒரு விரல் கொடுத்தாள். வடக்கு மூலையில் நின்ற மூன்று மாடி வீட்டில் ஒவ்வொரு அறையிலும் ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது, அவர்கள் எல்லோரும் மாடிப்படியில் கூடிப் பேசி, வரிசையிலேயே பெரிய வீடு நம்முடையதுதான் என்பதால் ஒரு முழமே கொடுத்துவிட்டார்கள். இப்படித் தெரு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, பரிமளாவுக்கும் பாஷாவுக்கும் போன முழங்களில் பெரும்பங்கு திரும்பி வந்து, நடுவில் ஒரு கட்டில் போட்டு அதன் பக்கத்தில் அடுப்பும் வைக்கிற அளவுக்கு ஓர் இடம் உண்டாயிற்று.

மீதியை ஆட்கள் செய்தார்கள். ஏகாம்பரம் பழைய தகர ஷீட்டுகளை வண்டியில் ஏற்றி வந்தான், மேஸ்திரி வேலை தெரிந்த இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை கூலி வாங்காமல் கூரையும் வாசலுக்கு ஒரு தகரக் கதவும் போட்டார்கள், ஹயாத் பாஷா தன் மீட்டரில் இருந்து ஒரு ஒயரை இழுத்து ஒரு விளக்கும் தானே சரிசெய்த ஒரு மின்விசிறியும் மாட்டிக் கொடுத்தார், பரிமளா தன் வீட்டுக் கக்கூஸின் சாவியை ஒரு கயிற்றில் கோத்துப் பொதுவில் தொங்கவிட்டாள். விசிறி ஓடும்போது இரும்புச் சட்டியை உருட்டுவதுபோல் சத்தம் போட்டது. யாரும் குறை சொல்லவில்லை.

மூன்று மாடி வீட்டின் உரிமையாளர் சுந்தரேசன் தை மாதம் வாடகை வாங்க வந்தார். அவர் நகரத்தின் வேறொரு பகுதியில் தோட்டம் வைத்த வீட்டில் இருந்தார், மனைவி இறந்துவிட்டாள், இரண்டு பையன்களும் வெளிநாடு. வந்தவர் வாசலில் நின்று தன் வீட்டை மேலும் கீழுமாகப் பார்த்தார். எதுவும் கேட்காமல் கைகளை விரித்து முன்பக்கத்தை அளந்தார். அளந்துவிட்டு, "ஒரு முழம் எங்கே?" என்றார்.

குடித்தனக்காரர்கள் நடந்ததைச் சொன்னார்கள். அவரும் மற்றவர்களைப்போலவே எப்படி நடந்தது என்று கேட்கவில்லை.

"அந்த ஒரு முழத்துக்காக நான் என் தம்பியோட பதினெட்டு வருஷமா பேசறதில்லை" என்றார். "பாகம் பிரிக்கும்போது கெஞ்சினான். தரலை. கூடப் பிறந்தவனுக்குத் தராததை நீங்க எவளோ ஒருத்திக்குத் தூக்கிக் கொடுப்பீங்களா?"

சுவர் அங்கே படுத்து எழுந்திருப்பவர்கள் பேச்சைத்தான் கேட்கும் என்று யாரோ சொன்னார்கள். அடுத்த நாள் அவர் ஒரு மடக்குக் கட்டிலோடும் தலையணையோடும் ஒரு கூஜாவோடும் வந்து, மாடியில் அந்த மாதம்தான் காலியாகியிருந்த ஓர் அறையில் குடியேறினார். இரண்டு நாள் படுத்து எழுந்தார், மூன்றாம் நாள் குடித்தனக்காரர்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் சுவரில் கையை வைத்து, "முடியாது, எனக்கு என் அளவு வேணும்" என்றார். வீடு ஒரு முழம் திரும்பி வந்து நின்றது. அந்த முழம் வீடு வீடாகத் தள்ளிக்கொண்டே போய்த் தேசம்மாவின் அறையில் முடிந்தது. கட்டிலின் ஒரு கால் மடங்கியது.

ஒரு வீடு இல்லை என்றதும் மற்ற வீடுகளுக்கும் இல்லை என்று சொல்ல வாய் வந்தது. "மூணு மாடி வெச்சிருக்கிறவரே தரல, நான் ஏன் தரணும்" என்று ஒருவர் தன் நாலு விரலைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அவர் எடுத்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டில் எடுத்தார்கள். குழந்தை பிறந்த வீட்டுக்காரி அழுதுகொண்டே எடுத்தாள், மாமியார் சொல்லிவிட்டாளாம். பரிமளாவும் பாஷாவும் மட்டும் தாங்கள் கொடுத்ததில் மிஞ்சியதைத் திரும்ப எடுக்காமல் நின்றார்கள், அவர்களுக்குள்ளேயே பேச்சு தடித்தது, பாஷாவின் மனைவி அடுப்படியில் திரும்ப முடியவில்லை என்றாள். மாசி பிறந்தபோது அறை மறுபடியும் இடுக்காகியிருந்தது. ஏகாம்பரம் வண்டிக்குத் திரும்பிவிட்டான், தேசம்மா வாசற்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்தாள், யுவஸ்ரீ இரண்டு சுவர்களுக்கும் நடுவில் நின்றுகொண்டே, புத்தகத்தை எதிர்ச் சுவரில் சாய்த்துவைத்துப் படித்தாள். பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

தெருவில் சிலர் ஆள் சேர்த்துக்கொண்டு சுந்தரேசனிடம் போய்ச் சண்டை போடலாம் என்றார்கள், சிலர் காலில் விழலாம் என்றார்கள். தேசம்மா இரண்டுக்கும் வரவில்லை. ஒருநாள் மத்தியானம், பூண்டு வாசனை போகக் கையைக் கழுவிக்கொண்டு, தனியாக அந்த மூன்று மாடி ஏறிப் போனாள்.

சுந்தரேசன் கட்டிலில் உட்கார்ந்து ஓட்டலில் வாங்கிவந்த சாப்பாட்டைப் பொட்டலத்தோடு மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூட்டைப்பூச்சி கடித்து அவர் கை முழுக்கத் தடித்திருந்தது. அந்த முழம் திரும்பி வந்த பக்கத்தில் அவர் எதையும் வைத்திருக்கவில்லை, தரை வெறுமையாகக் கிடந்தது.

"அழப்போறியா?" என்றார்.

"இல்ல சார்."

"யார் அழுதாலும் தரமாட்டேன். தம்பி அழுதான், தரலை. இப்ப உனக்குத் தந்தா, அவனுக்குத் தராதது தப்புன்னு ஆயிடும். புரியுதா?"

"புரியுது சார். நீங்க தர வேணாம்."

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"வாடகைக்கு வுடுங்க" என்றாள் தேசம்மா. "அந்த ஒரு முழம் உங்க முழம்தான். உங்க பேர்லயே இருக்கட்டும். நான் மாசா மாசம் வாடகை குடுக்கறேன்."

"ஒரு முழத்துக்கா?"

"ஒரு முழத்துக்குத்தான். அதுக்கு இன்னா நியாயமோ அது. வூடு பூரா எடுக்க என்னால முடியாது சார், அதுக்குத்தான் எங்கயும் எனக்கு வூடு கெடைக்கல. ஒரு முழத்துக்கு என்னால குடுக்க முடியும். எல்லார்கிட்டயும் அப்படியே பேசிக்கிறேன், நாலு விரலுக்கு நாலு விரல் வாடகை."

"மத்தவங்க சும்மா தந்தாங்களே."

"சும்மா தந்தாங்க, சும்மா எடுத்துக்கிட்டாங்க. அவுங்க மேல எனக்குக் கோவம் இல்ல. எரக்கம் இன்னைக்கு இருக்கும், நாளைக்கு மாமியார் வந்து கேட்டா போயிடும். வாடகைன்னா நான் நின்னு பேசலாம் சார்."

சுந்தரேசன் சாப்பாட்டுப் பொட்டலத்தை மடித்துக் கீழே வைத்தார். கொடுப்பது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை, ஆனால் வாடகைக்கு விடுவது அவருக்கு நன்றாகத் தெரிந்த காரியம். "அட்வான்ஸ்?" என்றார் பழக்கத்தில். தேசம்மா சிரித்துவிட்டாள். அவர் முகம் சிவந்தது.

"சரி, அட்வான்ஸ் வேண்டாம். ஆனா ஆணி அடிக்கக் கூடாது. தண்ணி வீணாக்கக் கூடாது. தேதி தவறக் கூடாது."

"தவறாது சார்."

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஈரக் கையைச் சுவரில் வைத்து, இதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதத்தைப் படிப்பதுபோல் சொன்னார். வீடு ஒரு முழம் தள்ளிக்கொண்டது. அவரும் சேர்ந்து தள்ளப்பட்டதால் கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு மற்ற வீடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. சிலர் வாடகை வாங்கிக்கொண்டார்கள், சிலர் வெட்கப்பட்டுக்கொண்டு வாங்கிக்கொண்டார்கள், பரிமளா வாடகைக்குப் பதிலாக வாரம் ஒரு கிண்ணம் உரித்த பூண்டு போதும் என்றாள், ஹயாத் பாஷா கரண்டுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு இடத்துக்கு வாங்கவில்லை, அதற்காக அவர் மனைவி அவரோடு ஒரு நாள் பேசவில்லை, பேசாமல் இருந்த அந்த நாளில் தேசம்மாவுக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்பினாள். சுந்தரேசன் தோட்டம் வைத்த வீட்டுக்குத் திரும்பிப் போனார். போய்ச் சேர்ந்த வாரத்திலேயே தம்பிக்குப் போன் செய்தார் என்று சொல்கிறார்கள், தம்பி எடுக்கவில்லை என்றும் சொல்கிறார்கள்.

இதைக் கேள்விப்பட்டுத் தூரத்துக் கட்டடங்களில் இருந்து கால்வாய்க்கரை ஆட்கள் இன்னும் சிலர் வந்தார்கள். கிழக்கு வரிசை இனி இறுகினால் ஆட்கள் வீட்டுக்குள் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும் என்பதால், பரிமளாவும் பாஷாவும் எதிர் வரிசைக்குப் போய்ப் பேசினார்கள், எதிர் வரிசையில் இரண்டு குடும்பங்களுக்கு இடம் உண்டாயிற்று. பக்கத்துத் தெருவுக்குப் போனார்கள், அங்கே முதலில் துரத்தினார்கள், இரண்டாவது தடவை உட்காரச் சொன்னார்கள். மூன்றாவது தெருவில் இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அந்தப் பக்கத்தில் இப்போது சில வாசல்களில் 'ஒரு முழம் வாடகைக்கு' என்றும், 'நான்கு விரல், குடும்பத்துக்கு மட்டும்' என்றும் அட்டைகள் தொங்குகின்றன, அவற்றைப் படித்துவிட்டு அந்நியர்கள் யாராவது சிரித்தால் தெருக்காரர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் பார்க்கிறார்கள். எல்லோருக்கும் இடம் கிடைத்துவிடவில்லை. அந்தக் கட்டடங்களிலேயே இருந்துவிட்டவர்கள் நிறைய.

யுவஸ்ரீ உட்கார்ந்து படித்துப் பரீட்சை எழுதினாள். கடைசிப் பரீட்சை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போகலாம் என்றாள். தேசம்மா வழக்கம்போல, நீயும் அப்பாவும் போய்ட்டு வாங்க என்றாள். கால்வாய்க்கரையை விட்டு வந்ததில் இருந்து அந்த மூவரும் சேர்ந்து ஓர் இடத்துக்கும் போனதில்லை. யாராவது ஒருவர் சாமான்களோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அடுப்பையும் பாத்திரத்தையும் புத்தகப் பையையும் விட்டுவிட்டுப் போனால் நாய் இழுக்கும், இல்லாவிட்டால் குப்பை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். ஆஸ்பத்திரிக்கு ஒருவர் போனால் ஒருவர் இருந்தார்கள், கோயிலுக்கு இருவர் போனால் ஒருவர் இருந்தார்கள், தேசம்மாவின் தங்கை செத்தபோதுகூட ஏகாம்பரம் வண்டியை விட்டு வரவில்லை.

"எதுக்கும்மா இருக்கணும்?" என்றாள் யுவஸ்ரீ. "பூட்டிட்டுப் போலாம்."

தேசம்மா அவளைப் பார்த்தாள், ஏகாம்பரத்தைப் பார்த்தாள். கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கிக்கொண்டு வந்தாள், கதவைச் சாத்தினாள், பூட்டினாள், ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். பிறகு மூன்று பேரும் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு போனார்கள், வண்டியில் வேறு எதுவும் இல்லை, இறக்கத்தில் அது ஒருபோதும் போகாத வேகத்தில் போனது.

கடற்கரையில் கூட்டமாக இருந்தது. ஏகாம்பரம் கொஞ்ச நேரம் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான், அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான், அலை இடுப்பு வரை வந்தபோது சின்னப் பிள்ளையைப்போல் கத்தினான். யுவஸ்ரீ சுண்டல் வாங்கித் தின்றாள், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தாள், இருட்டத் தொடங்கியபோது வந்து அம்மாவின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள்.

"பசிக்குதும்மா. வூட்டுக்குப் போலாம்."

தேசம்மா காலை நீட்டிப் பின்பக்கம் கைகளை ஊன்றிக்கொண்டிருந்தாள். கடலைப் பார்த்தபடியே சொன்னாள்:

"இரு. வூடு எங்க போயிடப் போவுது."